மூலப்பத்திரம் இல்லாத நாடு: லிபர்லாந்து குடியுரிமைச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில், குரோஷியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையே, ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வெள்ளச் சமவெளிக் காடு ஒன்றைத் தன் ஆட்சிப்பகுதி என்று தானே அறிவித்துக்கொண்டு, அந்த நிலத்தின் பேரில் குடியுரிமை, மின்வதிவுரிமை (இணையவழி வதிவுரிமை), அடையாள அட்டை, கடவுச்சீட்டு, மறைநாணயம் (கிரிப்டோ) ஆகியவற்றை உலகில் யார் கேட்டாலும் வழங்க முன்வருகிறது லிபர்லாந்து. ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகளில் ஒன்றுகூட இதை இதுவரை நாடாக ஏற்கவில்லை. ஆயினும் விண்ணப்பிப்போர் குறைந்தபாடில்லை. லட்சக்கணக்கானோர் பதிவு செய்திருப்பதாக அந்த அமைப்பே சொல்கிறது. நம்மூரில் அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூட மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அனுபவம் (நிலம் இப்போது யார் கைவசம் என்பது) ஆகிய மூன்றையும் விசாரிக்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஒரு நாட்டையே விற்பனைக்கு வைத்திருப்பவரிடம் அந்த மூன்றையும் கேட்டுப் பார்ப்பதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் சரக்கைப் பார்ப்போம். செக் நாட்டைச் சேர்ந்த வீட் யெட்லிச்கா, அரசின் தலையீடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்ற கொள்கை கொண்ட சிறு கட்சி ஒன்றில் செயல்பட்டவர். அவரும் நெருங்கியவர்கள் சிலரும் 2015 ஏப்ரல் 13 அன்று, தாமஸ் ஜெபர்சனின் பிறந்த நாளைத் தேர்ந்தெடுத்து, கோர்ன்யா சிகா எனப்படும் அந்தக் காட்டில் கொடியேற்றினார்கள். மஞ்சள் நிறத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும் அக்கொடியின் நடுவே பறவை, மரம், சூரியன், ஆறு ஆகியவற்றைக் கொண்ட சின்னம் இருக்கிறது. 'வாழு, வாழவிடு' என்பது அதன் முழக்கம். வரி கட்டாயமல்ல, விரும்பியவர் கட்டலாம் என்பது அதன் அடிப்படை வாக்குறுதி. குடியுரிமை கேட்பவர் பிறரையும் பிறர் கருத்தையும் மதிப்பவராக, தனியுடைமையைத் தீண்டத்தகாத உரிமையாக ஏற்பவராக, நாஜி, கம்யூனிஸ்ட் அல்லது வேறு தீவிரவாதப் பின்னணி இல்லாதவராக, குற்றத்துக்காகத் தண்டனை பெறாதவராக இருந்தால் போதும். பிறந்த ஊர், இனம், மொழி எதுவும் தடையில்லை.

விண்ணப்பிக்கும் முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிவம் சுருக்கமானது, கேள்விகள் தெளிவானவை. ஒரு இருப்பிடச் சான்றுக்காக நான்கு மேசைகளுக்கு முன்னால் நின்று பழகிய நம்மவர்களுக்கு இதுவே ஒரு சுதந்திர நாடுபோலத் தோன்றினால் வியப்பில்லை. வடிவமைப்பிலும் கவனம் செலுத்தியிருக்கிறார்கள். ஸாஹா ஹதீத் கட்டடக்கலை நிறுவனம் 2022-இல் லிபர்லாந்துக்காக ஒரு மெய்நிகர் நகரத்தையே வரைந்து கொடுத்தது. வளைந்தோடும் மண்டபங்களும் கூடங்களும் கொண்ட அந்த நகரம் பார்க்க அழகானது. மண்ணில் ஒரு கழிப்பறைகூட நிலைக்காத இடத்துக்கு உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களின் வரைபடம் கிடைத்திருப்பதில் உள்ள வேடிக்கையை அவர்கள் கவனித்தார்களா என்பது வேறு விஷயம்.

விண்ணப்பம் அனுப்புவதும் குடிமகன் ஆவதும் ஒன்றல்ல என்பதை வாங்குபவர் கவனிக்க வேண்டும். விண்ணப்பித்தவர் 'மெரிட்' எனப்படும் அலகுகளைக் குறிப்பிட்ட அளவு சேர்க்க வேண்டும். உழைப்பாகவோ பணமாகவோ அந்த அமைப்புக்குப் பங்களித்தால் அவை கிடைக்கும். தேர்தலில் வாக்கின் கனமும் ஒருவர் முடக்கி வைத்திருக்கும் மெரிட்டின் அளவைப் பொறுத்ததே. அதிகம் வைத்திருப்பவரின் சொல் அதிகம் எடுபடும் இந்த ஏற்பாட்டைக் குடியாட்சி என்பதைவிடப் பங்குதாரர் கூட்டம் என்பதே பொருந்தும். 2024 அக்டோபரில் டிரான் மறைநாணய வலைப்பின்னலின் நிறுவனர் ஜஸ்டின் சன் இதன் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற செய்தியை இந்தப் பின்னணியில் படித்தால் வியப்பு வராது. கொள்கை அளவில் இதில் ஒளிவுமறைவு இல்லை, அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 'குடிமகன்' என்ற சொல்லைக் கேட்டதும் ஆளுக்கொரு வாக்கு என்று எண்ணிக்கொள்பவர்கள் படிவத்தை நிரப்புமுன் அரசியல் சாசனத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இனி நிலம். இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் இதில்தான் தொங்குகிறது. நிலம் இல்லாவிட்டால் இது கட்டணம் வாங்கும் ஒரு கொள்கைக் குழு மட்டுமே.

கோர்ன்யா சிகாவை யாரும் உரிமை கோரவில்லை, ஆகவே அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்பது லிபர்லாந்தின் வாதம். இதன் முற்பாதி ஏறக்குறைய உண்மை. பிற்பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள டான்யூபின் பழைய போக்கைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசகுல ஆட்சியின் கீழ், கப்பல் போக்குவரத்துக்காகவும் வெள்ளத் தடுப்புக்காகவும் இந்தப் பகுதியில் ஆற்றின் பெரிய வளைவுகள் வெட்டி நேராக்கப்பட்டன. ஆறு இடம் மாறியது. நில அளவைப் பதிவேடுகள் மாறவில்லை. கிழக்குக் கரையிலிருந்த பாச்கா பகுதி ஊர்களின் சில துண்டுகள் ஆற்றுக்கு மேற்கே சிக்கிக்கொண்டன. மேற்குக் கரையிலிருந்த பாரன்யா ஊர்களின் அதைவிடப் பன்மடங்கு பெரிய துண்டுகள் ஆற்றுக்குக் கிழக்கே போய்ச் சேர்ந்தன. ஒரே பேரரசுக்குள்ளும், பிறகு ஒரே யூகோஸ்லாவியாவுக்குள்ளும் இருந்தவரை இதனால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை, ஏனென்றால் ஆற்றின் எந்தப் பக்கம் விறகு வெட்டினாலும் நாடு ஒன்றாகவே இருந்தது.

யூகோஸ்லாவியா உடைந்தபோது, அதனால் எழுந்த சட்டக் கேள்விகளுக்காக ஐரோப்பியச் சமூகம் அமைத்த பாதந்தேர் ஆணையம் 1992 ஜனவரியில் தந்த கருத்துப்படி, குடியரசுகளுக்கு இடையிலிருந்த உள் எல்லைகளே நாட்டு எல்லைகளாயின. ஆனால் உள் எல்லை எது? பழைய நில அளவைப் பதிவேடுதான் எல்லை என்கிறது குரோஷியா. இன்றைய ஆற்றின் நடுவோட்டம்தான் எல்லை என்கிறது செர்பியா. குரோஷியாவின் கணக்கை ஏற்றால் கிழக்குக் கரையில், இன்று செர்பியாவின் கையிலுள்ள, 100 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலம் குரோஷியாவுக்கு வரும். பதிலுக்கு மேற்குக் கரையிலுள்ள 10 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான சில துண்டுகள் செர்பியாவுக்குப் போகும். செர்பியாவின் கணக்கை ஏற்றால் எல்லாம் தலைகீழ். அந்த மேற்குக் கரைத் துண்டுகளில் மிகப் பெரியதே கோர்ன்யா சிகா.

இப்போது முடிச்சு அவிழ்கிறது. கோர்ன்யா சிகா தன்னுடையது என்று குரோஷியா சொன்னால், ஆற்றின் நடுவோட்டமே எல்லை என்ற செர்பியாவின் வாதத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகும். 7 சதுர கிலோமீட்டருக்காக 100-ஐ விட்டுக்கொடுக்க எந்த அரசும் முன்வராது. செர்பியா அதைத் தன்னுடையது என்றால், நில அளவைப் பதிவேடே எல்லை என்ற குரோஷியாவின் வாதத்துக்கு வலுச் சேர்த்ததாகும். கையிலிருக்கும் 100-ஐ அது ஆபத்தில் வைக்காது. ஆக இருவரும் அந்த நிலத்தைக் கைவிட்டதால் மௌனம் காக்கவில்லை; பெரிய நிலத்தின் மேலுள்ள உரிமையைக் காத்துக்கொள்ளவே இந்தச் சிறிய நிலத்தை மற்றவருடையது என்று ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிடுகிறார்கள். வழக்கு நிலுவையிலிருக்கும் சொத்தில் இரு தரப்பும் வேலி போடாமலிருப்பதைப் பார்த்து, இது கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று மூன்றாமவர் ஒருவர் பெயர்ப்பலகை நட்டதுதான் நடந்திருக்கிறது. அந்த நிலம் யாருமற்றதல்ல, எல்லைத் தகராறு தீர்ந்ததும் தங்கள் இருவரில் ஒருவருக்குச் சேரும் என்று குரோஷியா தெளிவாகவே சொல்லிவிட்டது. செர்பியா இந்த அறிவிப்பைப் பொருட்படுத்தத் தகாத செயல் என்று தள்ளியது. தன் எல்லை டான்யூப் என்பதால் தன்னை இது பாதிக்கவில்லை என்று சேர்த்துக்கொண்டது. அந்தச் சேர்க்கையில் எவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது என்று பாருங்கள்: லிபர்லாந்தை மறுக்கும் வாக்கியத்திலேயே குரோஷியாவுக்கு எதிரான தன் வழக்கையும் பதிவு செய்துவிட்டது.

இது வெறும் காகிதத் தகராறும் அல்ல. 1991-இல் குரோஷியாவின் வுகோவார் நகரம் முற்றுகையில் சிதைந்தது இதே ஆற்றின் கரையில்தான். பாரன்யா பகுதி ஐ.நா. இடைக்கால நிர்வாகத்தின் கீழ் இருந்து 1998 ஜனவரியில்தான் குரோஷியாவிடம் முழுமையாகத் திரும்பியது. 2002-இல் டான்யூபிலுள்ள ஷாரென்கிராட் தீவுக்குப் படகில் சென்ற குரோஷிய உள்ளாட்சித் தலைவர்களையும் உடன் சென்றவர்களையும் யூகோஸ்லாவிய (அப்போது எஞ்சியிருந்த செர்பியா, மாண்டினீக்ரோ கூட்டாட்சியின்) ராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்தித் தடுத்தது. இத்தகைய இடத்தில் எல்லைக் கல்லை ஓர் அங்குலம் நகர்த்துவதும் இரு நாட்டு அரசியல்வாதிகளுக்கும் எவ்வளவு கடினம் என்பதை, வெளியிலிருந்து கொடியோடு வந்தவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஸ்லோவேனியாவுடனான எல்லைச் சிக்கலில் நடுவர் மன்றம் 2017-இல் தந்த தீர்ப்பையே குரோஷியா ஏற்க மறுத்தது என்பதையும் நினைவில் கொண்டால், டான்யூப் தகராறு விரைவில் தீரும் என்று நம்ப இடமில்லை. லிபர்லாந்துக்கு இது நல்ல செய்தி. தகராறு நீடிக்கும்வரைதான் அதன் கோரிக்கைக்கு இடமுண்டு. அண்டை நாடுகள் இரண்டும் என்றைக்குக் கைகுலுக்குகின்றனவோ அன்றைக்கு அதன் வாதத்தின் முற்பாதியும் போய்விடும். தன் இருப்புக்கே அயலாரின் பகையை நம்பியிருக்கும் ஒரு நாட்டில் நிலம் வாங்குவது எவ்வகை முதலீடு என்பதை விண்ணப்பதாரர் யோசிக்கட்டும்.

மூன்றாவது கேள்வி அனுபவம் யாரிடம் என்பது. விடை சுருக்கமானது: குரோஷியாவிடம். உரிமை கோராத நிலத்தைக் காவல் காப்பதில் அந்த நாடு தளரவில்லை. 2015 மே மாதத்திலேயே யெட்லிச்காவைக் குரோஷியப் போலீசார் பிடித்து வைத்தனர். அதன்பின் உள்ளே செல்ல முயன்ற பலர் கைதாகி அபராதம் கட்டியிருக்கிறார்கள். ஆற்றில் ரோந்துப் படகுகள் நின்றன. 2023-இல் ஆதரவாளர்கள் சிலர் உள்ளே தங்கி, சிறு குடில்களும் மேடைகளும் அமைத்து, முதன்முறையாக நிரந்தரக் குடியிருப்பு உருவாகிவிட்டதாக உற்சாகம் கொண்டார்கள். அந்தச் செப்டம்பரிலேயே குரோஷிய வனத்துறையினரும் போலீசாரும் வந்து அவற்றை அகற்றிவிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரி 1 முதல் உள் எல்லைச் சோதனையில்லாத ஐரோப்பியச் செங்கன் வலயத்தில் குரோஷியா சேர்ந்துவிட்டதால், செர்பியக் கரையிலிருந்து படகில் ஏறி கோர்ன்யா சிகாவில் இறங்குவது இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லையைச் சோதனைச் சாவடிக்கு வெளியே கடப்பதாகக் கருதப்படுகிறது. ஆகவேதான் லிபர்லாந்தின் விழாக்களும் கூட்டங்களும் பெரும்பாலும் அதன் மண்ணில் அல்லாமல், செர்பியப் பக்கத்தில், அபாடின் சுற்றுவட்டாரத்தில், முகாம்களிலும் படகு வீடுகளிலும் நடக்கின்றன.

அவர்கள் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது முற்றிலும் வெறுமையானதல்ல. டான்யூபில் கப்பல் செலுத்தும் உரிமை எல்லா நாட்டவருக்கும் உண்டு என்கிறது 1948-ஆம் ஆண்டின் பெல்கிரேட் உடன்படிக்கை. ஆகவே ஆற்றில் வருவதைத் தடுக்க முடியாது என்கிறார்கள். ஆற்றில் செல்லும் உரிமை சரி, கரையிறங்கும் உரிமையை அந்த உடன்படிக்கை தரவில்லை. நாடு என்பதற்கு நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கும் வேண்டும் என்ற 1933 மொந்தெவிதேயோ உடன்படிக்கையையும் காட்டுகிறார்கள். அந்த நான்கில் நிலத்தின் வரையறை ஒன்றே அவர்களிடம் ஓரளவு தேறும். மக்கள் பிராகிலும் பெல்கிரேடிலும் உலகின் பிற நகரங்களிலும் இருக்கிறார்கள். அரசாங்கம் கணினி வழங்கிகளில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமை கோராத குரோஷியா எதன் அடிப்படையில் தங்களை அங்கிருந்து வெளியேற்றுகிறது என்ற அவர்களின் கேள்வி கூர்மையானதே. அதற்குச் சட்டப்படி முழுமையாகத் திருப்தி தரும் விடையை நான் இதுவரை எங்கும் படிக்கவில்லை. ஆனால் எதிராளியின் பத்திரத்தில் ஓட்டை இருப்பதால் நம் கையில் பத்திரம் வந்துவிடாது.

இதே சந்தையில் வேறு கடைகளும் உண்டு. பக்கத்துத் துண்டு ஒன்றில், அரை சதுர கிலோமீட்டர் அளவுள்ள இடத்தில், வெர்டிஸ் என்ற பெயரில் இளைஞர்கள் சிலர் 2019-இல் ஒரு குடியரசை அறிவித்தனர். 2023 அக்டோபரில் குடியேறச் சென்றவர்களைக் குரோஷியா வெளியேற்றியது. எகிப்துக்கும் சூடானுக்கும் இடையிலுள்ள பீர் தவீல் பாலைவனம், ஏறத்தாழ 2,060 சதுர கிலோமீட்டர், இதே தர்க்கத்தின் பெரிய வடிவம்: 1899-ஆம் ஆண்டின் எல்லைக்கோட்டை எகிப்தும் 1902-ஆம் ஆண்டின் கோட்டைச் சூடானும் பிடித்துக்கொண்டிருப்பதால், இரு நாடுகளும் செங்கடலோர ஹலாயிப் முக்கோணத்தைக் கேட்கின்றன, பீர் தவீலை வேண்டாம் என்கின்றன. தன் மகளை இளவரசியாக்க ஓர் அமெரிக்கர் 2014-இல் அங்கே கொடி நட்டார். 2017-இல் இந்தூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் விதை தூவித் தன்னை அரசராக அறிவித்துக்கொண்டார். அங்கே காலங்காலமாக மேய்ச்சலுக்கு வந்துபோகும் அபாப்தா, பிஷாரி மக்களிடம் இருவரில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம், திருவண்ணாமலையில் பிறந்த நித்யானந்தா அறிவித்த கைலாசா. 2023 பிப்ரவரியில் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. குழுக் கூட்டங்களில் அதன் பிரதிநிதிகள் பேசியதும், அமெரிக்காவின் நுவார்க் நகரம் அதனோடு செய்த உடன்பாட்டை ரத்து செய்ததும் நாளேடுகளில் வந்தவை. இவற்றோடு ஒப்பிடும்போது லிபர்லாந்தின் பக்கம் ஒரு நியாயம் சொல்லலாம்: இன்ன ஆற்றின் இன்ன கரையில் இந்தத் துண்டு என்று அது வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறது, அங்கே குடியிருந்த எவரையும் அது இடம்பெயர்க்கவும் இல்லை. கைவிடப்பட்ட ஒரு பழைய வீட்டையும் மான்களையும் தவிர அங்கே எதுவும் இருக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். 2015-இல் அறிவிப்பு வந்தவுடன், போராலும் வறுமையாலும் நெருக்கடிக்குள்ளான அரபு நாடுகளிலிருந்து ஏராளமானோர் இதை உண்மையான புகலிடம் என்று நம்பி விண்ணப்பித்தனர். எகிப்தின் வெளியுறவு அமைச்சகம், இல்லாத நாட்டுக்கு வேலை தேடிப் புறப்பட்டு ஏமாற வேண்டாம் என்று தன் குடிமக்களுக்கு எச்சரிக்கை விடும் நிலை வந்தது. கொள்கை விளையாட்டாகத் தொடங்கியது என்றாலும், 'குடியுரிமை', 'கடவுச்சீட்டு' ஆகிய சொற்கள் வீடிழந்தவர் காதில் விளையாட்டாக விழுவதில்லை. எந்த எல்லையிலும் செல்லுபடியாகும் என்று இதை நம்ப வேண்டாம் என்ற வரி, விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியாக, விண்ணப்பதாரரின் மொழியில் இருந்திருக்க வேண்டும்.

நம் வாசகருக்கு இதனால் என்ன பயன்? பயண ஆவணமாக ஒன்றுமில்லை. வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தன் விருப்பப்படி பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு; லிபர்லாந்தை இந்தியா நாடாகவே ஏற்காத நிலையில் அந்தப் பிரிவைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை, அந்தக் கவலையின்மையே இப்பொருளின் தரத்துக்குச் சான்று. வங்கிக் கணக்குத் தொடங்கவோ, விசா கேட்கவோ, விமான நிலைய மேசையில் நீட்டவோ இதைப் பயன்படுத்த நினைப்பவர் வீண் சிக்கலை விலைக்கு வாங்குகிறார். சுதந்திரச் சந்தைக் கொள்கையில் ஈடுபாடுள்ளவர்கள், சங்கிலித்தொடர்ப் பதிவேட்டில் (பிளாக்செயின்) தேர்தல் நடத்திப் பார்க்கும் சோதனையை அருகிலிருந்து காண விரும்புபவர்கள், அதற்கான சந்தாவாக எண்ணி ஒரு தொகை கொடுத்தால் அதில் தவறில்லை. கொடியும் அஞ்சல்தலையும் சேகரிப்போருக்கும் பொருள் தரமாகவே இருக்கும். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். இரண்டும் வடிவமைப்புக்கும் வாதத்தின் சுவைக்குமே, நிலத்துக்கு ஒன்றுமில்லை.

நேரில் பார்க்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குச் செர்பியா அளித்துவந்த விசா விலக்கு 2023 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. செல்லுபடியாகும் செங்கன், பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா இருந்தால் அங்கே குறுகிய காலம் தங்கலாம், இல்லாவிடில் செர்பிய விசா எடுக்க வேண்டும். குரோஷியப் பக்கம் ஸ்மாயெவாட்ஸ் என்ற திராட்சைத் தோட்டச் சிற்றூர் வழியாகச் செல்வதானால் செங்கன் விசா கட்டாயம், போலீசார் திருப்பி அனுப்பவும் கூடும். இவ்வளவு செலவும் அலைச்சலும் செய்து அந்தப் பக்கம் போகிறவர்கள், சற்றுத் தெற்கே இருக்கும் கோபாச்கி ரித் சதுப்புநிலப் பூங்காவுக்கு ஒரு நாளை ஒதுக்குவது நல்லது. அதே டான்யூப், அதே வெள்ளக் காடு, வெண்வால் கழுகுகளும் உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் தடுக்காமல் சுற்றிவரலாம்.